கீழ்வீட்டுச் சாவி

ஊரில் யாருக்கு வீடு வேண்டுமென்றாலும் அந்தப் புரோக்கரிடம்தான் போவார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒற்றை அறை, மாற்றலாகி வந்த அதிகாரிக்கு மாடி வீடு, மாமியாரோடு ஒத்துப்போகாதவளுக்கு நாலு தெரு தள்ளி ஒரு போர்ஷன். காலையில் கேட்டால் சாயங்காலம் சாவி கையில் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு வீடு மட்டும் கிடைக்கவே இல்லையாம்!

இதை அவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்லும்போதெல்லாம் கஞ்சியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் காலி பண்ண மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது அவள் வீட்டில்.

கஞ்சியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. அவள் தேய்த்த கோட்டைத் தரையில் நிறுத்தினால் உள்ளே டாக்டர் இல்லாமலே நிற்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அவள் பேச்சும் அந்த ரகம்தான், மடங்காது.

அவள் புருஷன் பிளம்பர். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் குழாய் போட்டது அவர்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே "இனி நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். காசு கொடுத்தார்களா, இழுத்தடித்தார்களா என்பதெல்லாம் அப்புறம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அவருக்கு வேலை முடிந்ததாகவே ஆகாது.

இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு அது. மேலே ஓர் அறையும் சமையல் மூலையும், கீழே விசாலமான இரண்டு அறைகளும் நீண்ட நடையும். பிள்ளை குட்டி இல்லாத நமக்கு எதற்கு அத்தனை இடம் என்று அவர்கள் மேலே இருந்துகொண்டு கீழ்வீட்டைப் புரோக்கருக்கு விட்டார்கள். புரோக்கர் முன்னறையில் மேஜை போட்டு, வாசலில் 'வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும்' என்று பலகை மாட்டி, அக்கா, அண்ணே என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

பிளம்பர் விழும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

யாரோ ஒரு வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கிவிட்டது. இடுப்பில் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: "சமதரையில தினமும் நீளமா நடக்கணும். சுவரைப் பிடிச்சுக்கிட்டாவது நடக்கணும். படுத்தே கிடந்தா கால் இப்படியே இறுகிடும். அப்புறம் என்னைத் தேடி வந்து பிரயோஜனம் இல்ல."

மேலே எங்கே நடப்பது? கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓர் எட்டு வைத்தால் சுவர் வந்து மூக்கில் இடிக்கும். வெளியே இறங்கலாம் என்றால் செலவைக் குறைக்க அவரே முன்னின்று போட்ட இரும்புப் படிக்கட்டு, செங்குத்தாக, ஓர் ஆள் போகும் அகலத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் அவரை நாற்காலியில் கட்டி, வேன் ஓட்டும் அவள் தம்பியும் அடுத்த வீட்டுக்காரரும் தூக்கி இறக்குவார்கள். ஒருமுறை நாற்காலி சாய்ந்தபோது கஞ்சியக்காவுக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது.

பிளம்பரோ யார் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான். "இதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு வாரம். அப்புறம் பாருங்க, ஓடுறேன்." அந்த இரண்டு வாரம் மாதக்கணக்காக நீண்டு, வலது கால் மரக்கட்டை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

கீழ்வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கஞ்சியக்கா முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த கெடு முழுவதும் பொறுத்திருந்தாள். கெடு முடிந்த மறுநாள் கீழே போனபோது புரோக்கர் வாசல் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் தோதா அமையல."

"ஊருக்கே வீடு பிடிச்சுக் குடுக்குறீங்க. உங்களுக்கு ஒண்ணு கிடைக்கலியா?"

"டாக்டருக்கு யாருக்கா ஊசி போடுறது?" என்று சிரித்தார் புரோக்கர். "என்னைத் தேடி வர்றவங்க எல்லாருக்கும் இந்த அட்ரஸ்தான் தெரியும். திடீர்னு கிளம்புன்னா எப்படி? அப்படி அவசரம்னா கோர்ட்டுக்குப் போங்க, நான் வேணாம்னா சொல்றேன்?"

வீட்டை வாடகைக்கு விடுகிறவன், எடுக்கிறவன் இருவரின் சட்டமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கேஸ் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கலாம் என்பதும் தெரியும். இழுக்கிற ஒவ்வொரு மாதமும் மேலே ஒருவரின் கால் இறுகுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும்.

தம்பி கேட்டதும் குதித்தான். "அக்கா, நீ ஊம்னு ஒரு வார்த்தை சொல்லு. அவன் வெளிய போற நேரத்துல பூட்டை மாத்தி, சாமானைத் தூக்கித் தெருவுல வச்சிடுறேன். தண்ணி மெயின் நம்மகிட்டதானே இருக்கு? அதை அடைச்சாலே ஓடிடுவான்."

சொல்லப்போனால் கஞ்சியக்காவுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் கேஸ் போட அவள் பிடித்திருந்த வக்கீலம்மா, சின்ன வயசுதான், கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அக்கா, பூட்டுல கை வச்சா கேஸ் அவர் பக்கம் சாய்ஞ்சிடும். தண்ணி, கரெண்ட் எதையும் தொடாதீங்க. இன்னொண்ணு, அவரை இன்னும் வாடகைக்காரரா ஏத்துக்கிட்ட மாதிரி எதுவும் பண்ணிடாதீங்க. வாடகையைக் கையில வாங்காதீங்க, கோர்ட்டுல கட்டட்டும்."

இதையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "புரியுதாங்க? அவன்கிட்ட சிரிச்சுப் பேசக்கூடாது."

"நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று முறைத்தார் பிளம்பர்.

பச்சைப் பிள்ளையாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

விஷயம் என்னவென்றால், கீழ்வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. குழாய்கள் எல்லாம் சுவருக்குள் ஒன்றோடொன்று இணைந்து போவதால் கீழே விழும் சொட்டு மேலே படுத்திருப்பவரின் தலைமாட்டில் கேட்டது. டக். டக். மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம். ஆயுசு முழுக்கக் குழாயோடு பழகிய மனுஷனுக்கோ யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. கஞ்சியக்கா காலை ஷிப்டுக்குப் போனதும் அவர் ரெஞ்சை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, படிக்கட்டின் தலைப்பில் உட்கார்ந்து, குழந்தை இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தை நகர்த்தி இறங்கிவிட்டார்.

புரோக்கருக்கு வாயெல்லாம் பல். "வாங்கண்ணே! உங்க கை பட்டாத்தான் இந்தக் குழாய் அடங்கும்." நாற்காலி போட்டார், குடிக்கக் கொடுத்தார், கூடவே சட்டைப் பையிலிருந்து செல்போனையும் எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கோர்ட்டில் கஞ்சியக்கா அந்த வீடியோவைப் பார்க்கப் போகிறாள். அன்றைக்கு அவள் பார்த்தது வேறு. மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தபோது அவர் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார், முகம் வெயிலில் கன்றிப்போய். இறங்கியவரால் ஏற முடியவில்லை.

"புத்தி எங்கங்க போச்சு?" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. "அவன் வேணும்னே கழட்டி விட்டிருக்கான், நீங்க போய் மாட்டி விட்டுட்டு வர்றீங்க!"

"அவன் கழட்டல. வாஷர் தேய்ஞ்சு போச்சு," என்றார் பிளம்பர். "பொய் சொல்லக் கூடாதுல்ல."

எதிரிக்கும் நியாயம் பேசுகிற இப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு அவள் படுகிற பாடு இருக்கிறதே! தம்பியை வரவழைத்துத்தான் அவரை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. அன்று முழுக்க அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். குற்ற உணர்ச்சி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விசாரணை நாள் வந்தது. கோர்ட் ஹால் இரண்டாவது மாடியில், லிப்ட் கிடையாது. தம்பி வேனை வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். பிளம்பர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். கஞ்சியக்காவும் பார்த்தாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி புரோக்கர் நின்றுகொண்டிருந்தார். கையில் செல்போன் தயாராக இருந்தது.

"என்ன அண்ணே, மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல!" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

பிளம்பருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இவன் முன்னாடி என்னைத் தூக்கிட்டுப் போவீங்களா? தள்ளு, நானே ஏறுறேன்." ஊன்றுகோலை முதல் படியில் வைத்தும் விட்டார்.

கஞ்சியக்கா குறுக்கே போய் நின்றாள். "ஒரு படி ஏறுங்க, நம்ம வீடு போச்சு. அவன் கையில என்ன இருக்குன்னு பாருங்க. உங்களால படி ஏற முடியும்னு காட்டத்தான் அங்க நிக்கிறான். உக்காருங்க."

"ஊர் பார்க்குது."

"பார்க்கட்டும்! ஊருக்காகவா வீடு கட்டினோம்?"

மரத்தடி சிமெண்டுத் திட்டில் அவரை உட்கார்த்தி, பக்கத்தில் தம்பியைக் காவல் வைத்துவிட்டு அவள் மட்டும் வக்கீலம்மாவோடு ஏறிப்போனாள். புரோக்கரைத் தாண்டும்போது அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மேலே புரோக்கரின் வக்கீல், தலை நரைத்த பெரிய மனுஷர், வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். திரையில் பிளம்பர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பத்து வருஷத்துக்கு இந்தக் குழாய் வாயைத் திறக்காது. இனி நிம்மதியா இரு."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கனம் நீதிபதி அவர்களே," என்றார் பெரிய வக்கீல், "நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு வீட்டு உரிமையாளரே வந்து பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் கொடுக்கிறார், நிம்மதியாக இருக்கச் சொல்கிறார். காலி பண்ணச் சொல்கிறவர் பேசுகிற பேச்சா இது? அதோடு, மாடியிலிருந்து இறங்க முடியாது என்பதுதான் இவர்கள் வழக்கு. இதோ இறங்கி வந்து, நின்று, வேலையும் பார்த்திருக்கிறார்."

வக்கீலம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் கஞ்சியக்கா கூண்டில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, நான் பேசலாமா? பேசலாம்னு சொன்னாலும் பேசுவேன், வேணாம்னாலும் பேசுவேன்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "பேசுங்கம்மா."

"அவர் எல்லாருக்கும்தான் அப்படிச் சொல்வாரு. இந்த ஊர்ல அவர் ரிப்பேர் பண்ணின எல்லா வீட்டுலயும் நிம்மதியா இருங்கன்னு சொல்லியிருக்காரு. அதுக்காக அந்த வீடெல்லாம் எங்க வீடாகுமா? எங்க வீடு இவர் வீடாகுமா?"

சிரித்தவர்கள் மறுபடி சிரித்தார்கள், இந்தத் தடவை புரோக்கர் பக்கம் பார்த்து. அவள் நிறுத்தவில்லை.

"அவர் இறங்கி வந்ததைக் காட்டினாங்க. சரி, இறங்கினாரு. உக்காந்து நகர்ந்து நகர்ந்து இறங்கினாரு, அது இந்தப் படத்துல இல்ல. ஏறினது எங்க? அதைக் காட்டச் சொல்லுங்க. இவ்வளவு அக்கறையாப் படம் பிடிச்சவருக்கு அவர் திரும்பி மாடி ஏறினதைப் பிடிக்கத் தெரியலையா?"

பெரிய வக்கீல் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவர் எங்கே இப்போ?" என்றார் நீதிபதி.

"கீழ. மரத்தடியில. மேல வரச் சொன்னா தூக்கிட்டுத்தான் வரணும். நான் தூக்க விடமாட்டேன் ஐயா, ஏற்கெனவே ஒரு தடவை நாற்காலி சாய்ஞ்சிருக்கு. அவரைப் பார்க்கணும்னா நீங்கதான் இறங்கி வரணும்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கோர்ட்டில் நின்றுகொண்டு நீதிபதியை இறங்கி வா என்று சொன்ன ஆளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய வக்கீல் ஆட்சேபணை என்று எழுந்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, மேஜைமேல் இருந்த காகிதங்களை மூடினார்.

"எனக்கும் காலாற நடந்து நாளாச்சு. வாங்க, எல்லாரும் போவோம்."

படிக்கட்டில் நீதிபதி முன்னால், வக்கீல்கள் பின்னால், அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். இவர்கள் வருவதைக் கண்டதும் பிளம்பர் ஊன்றுகோலைத் தேடி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க," என்றார் நீதிபதி. "ஒரே ஒரு கேள்விதான். உங்க வீட்டுப் படிக்கட்டுல உங்களால ஏற முடியுமா?"

கஞ்சியக்கா புருஷனின் முகத்தையே பார்த்தாள். அவள் புருஷனை அவளுக்குத் தெரியாதா? கட்டிலோடு கிடந்தாலும் ஓடுகிறேன் என்கிற ஆள். எதிரே புரோக்கர் நிற்கிறார், கூட்டத்தில் அவர் குழாய் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். வாயைத் திறந்து "ரெண்டு வாரம்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவரைச் சும்மா இருக்கச் சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் இதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நாக்கைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

பிளம்பர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"முடியாதுங்க ஐயா," என்றார். குரல் கம்மியிருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "அன்னைக்கு இறங்கிட்டேன். ஏற முடியல. ரெண்டு படி ஏறிப் பார்த்தேன், சறுக்கி விழுந்தேன். ஒரு கை பிடிச்சு விடச் சொல்லி இவர் கதவைத் தட்டினேன். உள்ள ஆள் இருக்கிற சத்தம் கேட்டுச்சு. திறக்கல. அப்புறம்... அவசரத்துக்குப் போகணும்னு தட்டினேன். அதுக்கும் திறக்கல. நான் இப்பத்தான் ரிப்பேர் பண்ணிட்டு வந்த பாத்ரூம்தாங்க. என் வீட்டு வாசல்லயே நனைஞ்சு போய் உக்காந்திருந்தேன்."

அன்றைக்கு அவர் வேட்டி ஈரமாகத்தான் இருந்தது. குழாய்த் தண்ணீர் பட்டுவிட்டது என்றார், அவளும் சரியென்று கத்திக்கொண்டே மாற்றிவிட்டாள். ஆஸ்பத்திரித் துணியில் எல்லாக் கறையையும் பார்த்த தனக்கு அது தெரியாமல் போயிற்றே என்று கஞ்சியக்கா தன்னையே நொந்துகொண்டாள். அழக்கூடாது, அவன் முன்னால் அழக்கூடாது என்று புருஷனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீதிபதி புரோக்கரைப் பார்த்தார். "நீங்க உள்ளே இருந்தீங்களா?"

"போன்ல ஒரு பார்ட்டிகிட்ட பேசிக்கிட்டிருந்தேன் சார்... வீடு விஷயமா..." என்று இழுத்தார் புரோக்கர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நீதிபதி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மேலே போய்விட்டார். மத்தியானம் வக்கீலம்மா தீர்ப்பைச் சொல்லப் படிக்கட்டில் தடதடவென்று ஓடி வந்தாள். ரிப்பேர் பண்ணிக் கொடுத்ததால் புதிதாக வாடகைக்கு விட்டதாக ஆகாது, தொழில்காரன் வாயில் வருகிற வார்த்தை ஒப்பந்தம் ஆகாது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும், தவறினால் கோர்ட் ஆள் வந்து கதவைத் திறந்து விடுவார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கஞ்சியக்காவைக் கட்டிக்கொண்டாள். தம்பி வேன் ஹாரனை விடாமல் அடித்ததில் கோர்ட் காவலாளி வந்து திட்டிவிட்டுப் போனார்.

அவரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் புரோக்கர் வந்தார். வேகமாக வந்தவர் பக்கத்தில் வந்ததும் நடையைக் குறைத்து, குரலில் பழைய தேனைக் கலந்துகொண்டார். நேராகப் பிளம்பரிடம் போய்க் குனிந்தார்.

"அண்ணே, நடந்தது நடந்து போச்சு. மனசுல வச்சுக்காதீங்க. மாசக் கடைசின்னா ரொம்ப நெருக்கடி. நீங்க பெரிய மனசு பண்ணி இன்னும் ஒரே ஒரு மாசம்..."

பிளம்பர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் இளக ஆரம்பிப்பது கஞ்சியக்காவுக்குத் தெரிந்தது. அட கடவுளே, இந்த மனுஷன் சரியென்று சொல்லிவிடுவார்! அவள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவர்கிட்ட கேக்காதீங்க, அவர் நல்லவரு," என்றாள். "என்கிட்ட கேளுங்க."

புரோக்கர் அவளைப் பார்த்தார். பிறகு எதையும் கேட்காமல், வந்த வழியே திரும்பி நடந்தார்.